அட்டையைக் கேமராகிட்ட காட்டுங்க: மனச்சோர்வு மாத்திரையும் வீடியோ கன்சல்டேஷனும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுல வர்ற தடுமாற்றங்களையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் எடுத்துட்டு, கொஞ்சம் சீராக்கியிருக்கேன்.)

வழக்கமா இங்க டேட்டாபேஸ், டெப்ளாய்மென்ட், இன்டர்வியூனு பேசுவோம். இன்னைக்கு விஷயம் வேற. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுறவங்க, தூரத்துல இருக்கிற டாக்டர்கிட்ட வீடியோவுல எப்படி ஆலோசனை கேட்கிறது, அதுல எது நடக்கும், எது நடக்காது. நான் டாக்டர் இல்ல, இன்ஜினியரிங் படிச்சவன். ஆனா இந்த மாத்திரையைச் சாப்பிட்டவன். ஒரு தப்பும் பண்ணினேன். அதைச் சொல்லிட்டே விளக்குறேன். நான் சொல்ற எந்த டோஸையும் உங்களுக்குனு எடுத்துக்காதீங்க.

நடந்தது என்ன

பெங்களூர்ல வேலை பார்க்கும்போது ஒரு கட்டத்துல காலைல எழுந்திரிக்கவே முடியல. சோம்பேறித்தனம்னு நினைச்சேன். அப்புறம் குளிக்கிறதே பெரிய வேலை ஆகிடுச்சு. சைக்யாட்ரிஸ்ட் ஒருத்தங்களை நேர்ல போய்ப் பார்த்தேன். தைராய்டு, ரத்தசோகை, பி12 எல்லாம் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. ஏன்னா இந்தக் குறைபாடுகளும் அச்சு அசலா மனச்சோர்வு மாதிரியே காட்டும். ரிசல்ட் எல்லாம் சரியா இருந்துச்சு. எஸ்சிடலோபிராம் ஆரம்பிச்சாங்க. முதல்ல 5 மில்லிகிராம், ஒரு வாரம் கழிச்சு 10.

முதல் பத்து நாள் வயித்தைப் புரட்டுச்சு, தலைவலி, கொஞ்சம் படபடப்பு. அஞ்சாவது வாரத்துல ஒருநாள் டீ குடிக்கும்போது டீ நல்லாயிருக்கேனு தோணுச்சு. அவ்வளவுதான், பெரிய அதிசயம் ஒண்ணும் நடக்கல. ஆனா அதுக்கு முன்னாடி பல மாசமா எனக்கு எதுவுமே நல்லாயிருக்குனு தோணினதில்ல.

அப்புறம் வீட்ல இருந்தே வேலைனு கோவில்பட்டி பக்கம் எங்க ஊருக்கு வந்துட்டேன். மாத்திரை தீரும் நேரம், மெடிக்கல்ல போய்ச் சீட்டைக் காட்டினேன். கடைக்காரருக்கு எங்க அப்பாவைத் தெரியும். நாலு பேர் நிக்கிறாங்க. "அந்தக் கம்பெனி மாத்திரை இல்ல தம்பி, இதும் அதேதான்"னு ஒரு அட்டையை எடுத்துப் போட்டாரு. பேரு கிட்டத்தட்ட ஒண்ணுதான், பின்னாடி 'பிளஸ்'னு இருந்துச்சு. "சரிங்க அண்ணாச்சி"னு வாங்கி, யாரும் பார்க்கிறதுக்குள்ள பாக்கெட்ல வச்சுக்கிட்டு வந்துட்டேன். அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கல. எந்த லைப்ரரியா இருந்தாலும் வெர்ஷன் பார்க்காம ப்ராஜெக்ட்ல சேர்க்க மாட்டேன். ஆனா என் உடம்புக்குள்ள போறதைப் படிச்சுப் பார்க்கல. காரணம் கூச்சம், வேற ஒண்ணுமில்ல.

ரெண்டு மாசம் அதையே வாங்கிச் சாப்பிட்டேன். மத்தியான மீட்டிங்ல தூக்கம் தள்ளுச்சு. நேத்து பேசினது இன்னைக்கு ஞாபகம் இல்ல. 'இந்த மாத்திரை மூளையை மந்தமாக்குது, நான்தான் நல்லாயிட்டேனே'னு ஒரு வியாழக்கிழமை ராத்திரியோட நிறுத்திட்டேன். யாரையும் கேட்கல.

ஞாயித்துக்கிழமை காலைல தலையைத் திருப்பினா மண்டைக்குள்ள சுருக்னு கரன்ட் அடிச்ச மாதிரி. தலைசுத்தல். ரெண்டு ராத்திரியா சரியா தூக்கம் இல்ல. கை நடுக்கம், காரணமே இல்லாம அழுகை. திங்கட்கிழமை ராத்திரி எனக்குத் தோணினது ஒண்ணே ஒண்ணுதான்: வியாதி திரும்பி வந்துடுச்சு, இனிமே இதுல இருந்து வெளிய வரவே முடியாது. அந்த எண்ணம் எங்க கொண்டு போய் விடும்னு அந்த நிலைமையில இருந்தவங்களுக்குத் தெரியும்.

முதல் போன்

அந்த ராத்திரி 14416க்குப் போன் பண்ணினேன். டெலி மானஸ்னு மத்திய அரசு 2022 அக்டோபர் 10ல, உலக மனநல நாள் அன்னிக்கு ஆரம்பிச்ச சேவை. பெங்களூர் நிம்ஹான்ஸ் அதுக்குத் தலைமை மையம். காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்ல பேசலாம். முதல்ல பயிற்சி பெற்ற ஆலோசகர் எடுப்பாங்க. தேவைப்பட்டா நிபுணர்கிட்ட மாத்திவிடுவாங்க.

எடுத்தவங்க என்கிட்ட நேரா கேட்டாங்க: "உயிரை மாய்ச்சுக்கணும்னு எண்ணம் வருதா? எப்படினு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கீங்களா? இப்ப கூட யார் இருக்காங்க?" அப்படி நேரா கேட்டது எனக்கு நிம்மதியா இருந்துச்சு. இப்படிக் கேட்டா இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிட்ட மாதிரி ஆகிடும்னு நம்மாளுங்க பயப்படுவாங்க, அது உண்மையில்ல. எண்ணம் வருது, திட்டம் எதுவும் இல்லைனு சொன்னேன். அம்மாவை எழுப்பிக் கூட உட்கார வச்சுக்கச் சொன்னாங்க. மாத்திரையை தானா நிறுத்தினதைச் சொன்னதும், விடிஞ்ச உடனே உங்க டாக்டர்கிட்ட பேசுங்கனு சொன்னாங்க.

அட்டையைத் திருப்பினப்போ

மறுநாள் பெங்களூர் டாக்டர்கிட்ட வீடியோவுல பேசினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவங்க சொன்ன முதல் வார்த்தை: "அந்த அட்டையைக் கேமராகிட்ட காட்டுங்க. முன்பக்கம் இல்ல, பின்பக்கம்."

பொடி எழுத்துல ரெண்டு மருந்து. எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம், குளோனாசெபாம் 0.5 மில்லிகிராம்.

"ரெண்டாவதை நான் எழுதவே இல்லையே"னு சொன்னாங்க.

குளோனாசெபாம் படபடப்பையும் வலிப்பையும் அடக்குற மருந்து, தூக்கமும் வரும். மனச்சோர்வு சிகிச்சையோட தொடக்கத்துல சில டாக்டர்கள் கொஞ்ச நாளைக்கு மட்டும் சேர்த்துக் கொடுப்பாங்க. ஆனா தினமும் வாரக்கணக்குல சாப்பிட்டா உடம்பு அதுக்குப் பழகிடும். திடீர்னு நிறுத்தினா தூக்கமின்மை, நடுக்கம், கடும் பதட்டம் வரும். சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகலாம். நான் ஒரு மருந்தை நிறுத்தினதா நினைச்சுக்கிட்டு ரெண்டு மருந்தை ஒரே நாள்ல நிறுத்தியிருக்கேன். மீட்டிங்ல தூங்கி விழுந்ததுக்கும் இதுவே முக்கிய காரணமா இருக்கணும்னு சொன்னாங்க.

இங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு. நம்ம நாட்ல இந்த ரெண்டும் ஒரே மாத்திரையில பல கம்பெனி பேர்ல வருது. எஸ்சிடலோபிராம் மட்டும் இருக்கிற அட்டையில 'ஆர்எக்ஸ்'னு போட்டிருக்கும். குளோனாசெபாம் மாதிரி போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வர்ற மருந்து சேர்ந்திருந்தா சிவப்புல 'என்ஆர்எக்ஸ்'னு போட்டிருக்கும். அந்த ஒரு எழுத்தைப் பாருங்க. இது மாதிரி சீட்டு மருந்துக்குப் பதிலா வேற ஒண்ணை மருந்துக்கடை தானா மாத்திக் கொடுக்கவும் சட்டத்துல இடமில்ல. "இல்லைனா பரவாயில்ல அண்ணாச்சி, டாக்டர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்"னு சொல்லிட்டு வந்துடலாம். நான் அன்னிக்குச் சொல்லாம விட்டது அந்த ஒரு வரிதான்.

ஏன் மூணாவது நாள்?

இதை எனக்குக் கணக்கா விளக்கினாங்க, எனக்கும் அதுதான் புரியும். உடம்புல இருக்கிற மருந்து பாதியாகக் குறைய எவ்வளவு நேரம் ஆகுமோ அதை அரை ஆயுள்னு சொல்றோம். எஸ்சிடலோபிராமுக்கு அது சுமார் 30 மணி நேரம். வியாழன் ராத்திரி பத்து மணிக்குக் கடைசி மாத்திரை. ஞாயிறு காலை பத்து மணிக்கு 60 மணி நேரம். ரெண்டு அரை ஆயுள். அதாவது கால்வாசிதான் மிச்சம். அப்பத்தான் மண்டைக்குள்ள கரன்ட் அடிச்சது.

இந்த வகை மருந்துகள் என்ன பண்ணுதுன்னா, நரம்பு செல்லுக்கு வெளியே வந்த செரட்டோனினை அந்த செல் திரும்ப உள்ள இழுத்துக்கிறதைத் தடுக்குது. முதல் மாத்திரையிலயே அது நடந்துடும். ஆனா மனசு தேற ரெண்டுல இருந்து ஆறு வாரம் ஆகுது. அந்த வாரங்கள்ல மூளை தன்னைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்குது. 'செரட்டோனின் குறைஞ்சா மனச்சோர்வு, ஊத்தினா சரி'ங்கிற டேங்க் கணக்கு ரொம்ப எளிமையான கதை. மாத்திக்கிட்ட மூளைக்கு மருந்தைத் திடீர்னு எடுத்தா திரும்பப் பழக நேரம் வேணும். அந்த இடைவெளிதான் தலைசுத்தல், கரன்ட் அடிக்கிற உணர்வு, எரிச்சல், அழுகை எல்லாம்.

மருந்துக்கு மருந்து இது மாறும். ஃபுளுவாக்செடின் உடம்பை விட்டுப் போகவே வாரக்கணக்கு ஆகும், அதனால நிறுத்தும்போது தொல்லை குறைவு. பராக்செடின், வென்லாஃபாக்சின் ரெண்டும் சீக்கிரம் போயிடும், தொல்லை அதிகம்.

அப்ப, வியாதி திரும்புதா, நிறுத்தினதோட விளைவானு எப்படிப் பிரிக்கிறது? டாக்டர் மூணு கேள்வி கேட்டாங்க. எப்ப ஆரம்பிச்சது? நிறுத்தின சில நாள்லயேனா மருந்தை நிறுத்தின விளைவா இருக்க வாய்ப்பு அதிகம். வியாதி பொதுவா வாரங்கள், மாசங்கள் கழிச்சு மெதுவா ஏறும். புதுசா உடம்புல ஏதாவது தெரியுதா? கரன்ட் அடிக்கிற உணர்வு என் பழைய மனச்சோர்வுல இருந்ததே இல்ல. திரும்ப மாத்திரை எடுத்தா சீக்கிரம் அடங்குதா? அடங்கினா அதுவும் ஒரு சாட்சி. என் விஷயத்துல மூணும் ஒரே பக்கம் காட்டுச்சு.

'இனிமே வெளிய வரவே முடியாது'னு திங்கட்கிழமை ராத்திரி நான் நம்பினது தப்பு. ஆனா அந்தத் தப்பான முடிவை வச்சுக்கிட்டு என்ன வேணா பண்ணியிருக்கலாம். அதனாலதான் இந்த எபிசோடே.

தூரத்துல இருந்து முடியாதது

வீடியோவுலயே எல்லாம் முடிச்சிடுவாங்கனு நினைச்சேன். டாக்டர் ஒத்துக்கல. மிச்சம் இருக்கிற அட்டையில இருந்து அன்னிக்கு ராத்திரி அதே மாத்திரையை எடுக்கச் சொன்னாங்க. பைக் ஓட்டாதீங்க, மது தொடவே கூடாதுன்னாங்க. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நாளைக்கே நேர்ல ஒரு சைக்யாட்ரிஸ்டைப் பாருங்க, குளோனாசெபாமைக் குறைக்கிறதைப் பக்கத்துல இருந்து பார்க்கிறவங்க செய்றதுதான் நல்லதுன்னாங்க.

சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுது. 2020 மார்ச் 25ல இந்தியாவுல தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வந்துச்சு. மருந்துகளை வகை பிரிச்சு, எதை முதல் சந்திப்பிலேயே வீடியோவுல எழுதலாம், எதைத் தொடர் சிகிச்சைக்கு மட்டும் எழுதலாம், எதை எழுதவே கூடாதுனு சொல்லுது. மனச்சோர்வுக்கான வழக்கமான மாத்திரைகளை வீடியோவுல பார்த்து எழுதலாம். போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வர்ற மருந்துகளுக்குக் கட்டுப்பாடு அதிகம். பலதை எழுதவே முடியாது.

திருநெல்வேலிக்கு அம்மாவோட பஸ் ஏறினேன். அரசு மருத்துவமனை ஓபி, நீளமான வரிசை. ரெண்டு மருந்தையும் தனித்தனி மாத்திரையா மாத்தி, குளோனாசெபாமை மட்டும் சில வாரங்கள்ல படிப்படியா குறைச்சு நிறுத்தினாங்க. எஸ்சிடலோபிராம் தொடருது, மாசத்துக்கு ஒருதரம் பெங்களூர் டாக்டரோட வீடியோ. நேர்ல ஒண்ணு, தூரத்துல ஒண்ணுனு ரெண்டும் சேர்ந்துதான் எனக்கு வேலை செஞ்சது.

இது புது ஐடியாவும் இல்ல. சென்னையில இருக்கிற ஸ்கார்ஃப் அமைப்பு, கோவிட் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு பஸ்ஸை கிளினிக்கா மாத்தி ஊர் ஊரா அனுப்பிச்சு. பஸ்ஸுக்குள்ள திரையில சென்னை டாக்டர், பக்கத்துலயே மருந்துக் கவுன்டர், கூட இருந்து பார்த்துக்க உள்ளூர் ஆளுங்க. அந்தக் கடைசி விஷயம் முக்கியம்.

டாக்டருக்கு ஒரு நல்ல பக் ரிப்போர்ட்

'அப்ளிகேஷன் வேலை செய்யல'னு ஒரு வரி டிக்கெட் வந்தா நமக்கு எப்படி இருக்கும்? 'மனசு சரியில்ல டாக்டர்'ங்கிறதும் அப்படித்தான். வீடியோவுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க.

ஒண்ணு, மருந்து. கம்பெனி பேர் இல்ல, அட்டையின் பின்பக்கம் இருக்கிற மருந்துப் பேர், மில்லிகிராம், எத்தனை மணிக்கு, எந்தத் தேதியில இருந்து, எத்தனை நாள் விட்டுப்போச்சு. அட்டையைக் கையில வச்சுக்கோங்க.

ரெண்டு, வேற என்ன சாப்பிடுறீங்க. டிரமடால் வலி மாத்திரை, லினெசோலிட் ஆன்டிபயாடிக், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இருக்கிற இருமல் மருந்து இதெல்லாம் இந்த வகை மருந்தோட சேர்ந்தா செரட்டோனின் அளவுக்கு மீறிப் போகலாம். வழக்கமான வலி மாத்திரைகளோட சேர்ந்தா ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். நாட்டு மருந்து, மது எதையும் மறைக்காதீங்க.

மூணு, பழைய கதை. என்னிக்காவது தூக்கமே இல்லாம, ஆனா களைப்பும் இல்லாம, கண்டபடி செலவு, நிக்காத பேச்சுனு சில நாள் இருந்திருக்கீங்களா? வீட்ல யாருக்காவது அப்படி இருந்ததா? இருந்தா அது பைபோலாரா இருக்கலாம். அங்க இந்த மாத்திரையை மட்டும் தனியா கொடுத்தா நிலைமை தலைகீழாகலாம். கர்ப்பம், தைராய்டு, இதயக் கோளாறையும் சொல்லணும்.

நாலு, பக்க விளைவு. தாம்பத்திய ஆர்வம் குறையுறதும் இதுல சேர்த்தி. வெட்கப்பட்டுச் சொல்லாம, தானா மாத்திரையை நிறுத்துறவங்க நிறைய. சொன்னா டோஸையோ மருந்தையோ மாத்திப் பார்க்க வழி இருக்கு.

அஞ்சு, தற்கொலை எண்ணம். முதல் சந்திப்பிலேயே சொல்லுங்க. 25 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு மருந்து ஆரம்பிக்கும்போதும் டோஸ் மாத்தும்போதும் இந்த எண்ணம் கூடலாம்னு எச்சரிக்கை இருக்கு. முதல் சில வாரம் வீட்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கட்டும்.

கதவைச் சாத்திட்டு இயர்போன் போட்டு உட்காருங்க. நீங்க இப்ப இருக்கிற ஊர், அவசரத்துக்குக் கூப்பிட ஒருத்தர் நம்பர், ரெண்டையும் டாக்டர்கிட்ட கொடுங்க. பிஎச்க்யூ-9னு ஒன்பது கேள்வித் தாள் இருக்கு, 27 மார்க். 10க்கு மேல போனா கவனிக்கணும்னு அர்த்தம். ஒவ்வொரு தடவையும் போட்டு வச்சா, போன மாசத்துக்கு இந்த மாசம் எப்படினு வளைகோடு தெரியும்.

டாக்டரையும் நீங்க சரிபார்க்கலாம். எம்டி, டிஎன்பி, டிபிஎம் மாதிரி மனநல மருத்துவப் படிப்பு இருக்கா? சீட்ல பதிவு எண் இருக்கா? சைக்காலஜிஸ்ட் பேச்சு வழியா சிகிச்சை தருவாங்க, மாத்திரை எழுத முடியாது. பழைய கதை எதுவும் கேட்காம, அடுத்த தேதி எதுவும் சொல்லாம மூணு நிமிஷத்துல சீட்டு வந்துடுச்சுனா வேற டாக்டரைப் பாருங்க.

நீங்க அனுப்பின கேள்விகள்

"ஏஐகிட்ட கேட்டா போதாதா?" நான் தினமும் அதோட வேலை பார்க்கிறவன். அதே 2020 நெறிகள்ல, செயற்கை நுண்ணறிவு தளம் நோயாளிக்கு ஆலோசனையோ மருந்தோ தரக் கூடாதுனு தெளிவா இருக்கு. 'இந்த மருந்துக்குப் பக்க விளைவு என்ன'னு நானும் கேட்டேன், நல்லாத்தான் சொல்லுச்சு. ஆனா 'அட்டையைத் திருப்பிக் காட்டு'னு அது கேட்கல. தப்பு என்கிட்ட இருந்துச்சு, தப்பான தகவலை நான்தான் கொடுத்தேன்.

"நல்லாயிட்டா நிறுத்திடலாமா?" முதல் தடவை வந்த மனச்சோர்வுக்கு, நல்லான பிறகும் குறைஞ்சது ஆறு மாசமாவது தொடரச் சொல்றது வழக்கம். அப்புறம் டாக்டரோட சேர்ந்து, படிப்படியா.

"அடிமை ஆகிடுவோமா?" எஸ்சிடலோபிராம் மாதிரி மருந்துக்கு ஏக்கம் வராது, போதை வராது, டோஸை ஏத்திக்கிட்டே போகத் தோணாது. ஆனா நிறுத்தும்போது தொந்தரவு வரலாம். குளோனாசெபாம் வகை வேற, அதுல பழக்கம் உண்மையான ஆபத்து.

"எப்ப வீடியோவை விட்டுட்டு நேரா ஆஸ்பத்திரி?" உயிரை மாய்ச்சுக்கத் திட்டம் இருந்தா, வலிப்பு வந்தா, காதுல குரல் கேட்டா, காய்ச்சலோட உடம்பு விறைச்சு நடுங்கிக் குழப்பமா பேசினா. 108ஐக் கூப்பிடுங்க, அப்பாயின்ட்மென்ட் தேடாதீங்க.

கடைசியா அம்மா. பஸ்ல திரும்பி வரும்போது கேட்டாங்க: "ஏன்யா, இவ்வளவு நாளா எங்கிட்ட சொல்லல? எனக்கும் பிரஷர் மாத்திரை இருக்கு. நான் என்ன ஒளிச்சா சாப்பிடுறேன்?" இப்ப என் அட்டையும் அவங்க மாத்திரை டப்பாவுலதான் இருக்கு. வாங்கிட்டு வந்த உடனே கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பின்பக்கத்தை அவங்கதான் முதல்ல படிக்கிறாங்க.

அந்த நம்பர் இன்னொரு தடவை: 14416. எழுதி வச்சுக்கோங்க. அடுத்த எபிசோடுல டேட்டாபேஸ் இன்டெக்ஸ்க்குத் திரும்புவோம்.